கடைக்கண்டத்து மழை

மழைக்குப் பயந்து மழைத் தொழுகையைத் தள்ளிப்போட்ட ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். கல்முனையில் என் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் பள்ளிவாசலின் கூட்ட அறை. ஆண்கள் இரகசியம் என்று நினைத்துப் பேசுவதெல்லாம் அடுப்பில் கொதிக்கும் என் ஆணச் சட்டிக்குள் வந்து விழும். அதனால் நான் சொல்வதில் கூட்டல் கழித்தல் இல்லை, கொஞ்சம் உறைப்பு மட்டும் உண்டு.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்று பட்டாசு கொளுத்திய நாடு, அடுத்த மாதமே வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது. மழை இல்லை. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றியதால் மின்சாரமும் வெட்டி வெட்டித்தான் வந்தது. எங்கள் வட்டைக்கு, அதாவது ஊர் வயல்வெளிக்கு, தண்ணீர் தருகிற குளம் பாதியாக இருந்தபோதே சிறுபோக வெள்ளாமைக்குக் கூட்டம் வைத்து, விதைப்புக்கு நாள் குறித்தார்கள். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவது என்றும், முதல் முறை கடைக்கண்டத்துக்கு என்றும் எல்லோரும் கையுயர்த்தினார்கள். கையுயர்த்துவதற்குத் தண்ணீர் தேவையில்லை அல்லவா?

கடைக்கண்டம் என்றால் வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கும் வயல். மேலே உள்ளவர்கள் வயிறு நிறையக் குடித்துவிட்டு விட்ட மிச்சம்தான் எங்களுக்கு. அங்கே எனக்கு இரண்டு ஏக்கர். என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா, மௌத்தாகி அடக்கமான பிறகு, அதைச் செய்துகொண்டிருந்த முல்லைக்காரனும் கட்டாருக்குப் போய்விட்டதால், நானே வட்டைக்குப் போனேன். ஹாஜறா வரம்பில் நடக்கிறாள் என்று ஊர் கொஞ்ச நாள் கதைத்தது. பிறகு வேறு ஆள் கிடைத்ததும் என்னை விட்டுவிட்டது.

அந்தப் போகத்தில் என் தலையில் இருந்தது ஒரே ஒரு பாரம்தான். மகள் ஸுல்பிகாவுக்கு முஸ்தாக்கைப் பேசி முடித்திருந்தோம். நல்ல பிள்ளை, அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கிறவன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். என் வளவிலேயே சுவர் எழுப்பியாகிவிட்டது. கூரைதான் இல்லை. முஸ்தாக்கின் உம்மா வந்து அறை அறையாகப் பார்த்தார். ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "ஓடு போட்டதும் நாள் வைப்பம் மச்சி" என்று இனிமையாகச் சொல்லிப் போனார். அந்த இனிப்பு எனக்குக் கசந்தது. ஓடு வர வேண்டுமென்றால் வெள்ளாமை வீட்டுக்கு வர வேண்டும். வெள்ளாமை குடலையில் நின்றது, இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் வந்துவிடும். அந்த ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல்தான்.

தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால், அதற்கு மசூர் ஹாஜியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்தாக் வேலை செய்யும் ஆலை அவருடையது. மேல்கண்டத்தில் பெரிய வயல் அவருடையது. பள்ளிவாசல் தலைவரும் அவர், வட்டைக் குழுத் தலைவரும் அவர். அந்த வருடத் தொடக்கத்தில் அம்பாறையில் நடந்த ஒரு செமினாருக்குப் போய், தோளில் ஒரு துணிப் பையும் வாயில் ஒரு புதுச் சொல்லுமாகத் திரும்பி வந்தார். உலகம் சூடாகிக்கொண்டு போகிறதாம், பருவம் எல்லாம் குழம்பப் போகிறதாம், இனி எல்லோரும் காலத்துக்கு ஏற்ப மாறி 'இசைவாக்கம்' செய்ய வேண்டுமாம். செமினாரில் சொன்னவர் நல்லதைத்தான் சொல்லியிருப்பார். அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வாய்தான் பிழை.

ஹாஜியார் இசைவாக்கம் செய்தார். கடைக்கண்டத்துக்காரர்களைக் கூப்பிட்டு, "காலம் மாறிப் போச்சு. நீங்க மூணு மாத நெல்லு விதைங்க, தண்ணி கொஞ்சமாப் போகும்" என்று புத்தி சொன்னார். அந்த விதைநெல்லை விற்றதும் அவர்தான். தான் மட்டும் நாலு மாத நெல்லை விதைத்தார். பிறகு வயல் மூலையில் மெசினை விட்டு ஒரு பெரிய குளம் தோண்டினார். வாய்க்காலுக்குக் குறுக்கே உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கி, எங்களுக்கு வர வேண்டிய தண்ணீரை அந்தக் குளத்துக்குள் திருப்பினார். அதற்குப் பெயர் நீர்ச் சேமிப்பு. எங்கள் ஊரில் திருட்டுக்கு அவ்வளவு அழகான பெயர் அதற்கு முன் யாரும் வைத்ததில்லை.

தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை ஆதம்பாவாவிடம் போய் நின்றேன்.

"காக்கா, முதல் முறை எங்களுக்குத்தானே? வாய்க்கால்ல தவளையும் இல்லையே!"

"ஓம் ராத்தா, முறை எண்டா முறைதான்" என்றார் ஆதம்பாவா, கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு. "ஆனா ஹாஜியார்ட்டப் போய் எப்பிடிக் கதைக்கிற? அவர் இசைவாக்கம் எண்டுறார். எனக்கு அந்தச் சொல்லுக்கு மறுசொல்லுத் தெரியா."

நேரே ஹாஜியாரிடமே கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "வானம் பெய்யாததுக்கு நான் என்ன செய்யிற புள்ள? துஆக் கேளு" என்றார்.

சரி, துஆவாவது கேட்போம் என்று கடைக்கண்டத்து ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய் மழைத் தொழுகைக்கு நாள் கேட்டார்கள். அன்றுதான் என் குசினிச் சுவருக்கு அப்பால் அந்தக் கூட்டம் நடந்தது.

"வாற வியாழன் வைப்பமா?" என்று கேட்டார் மௌலவி. அவர் வெளியூர்க்காரர், இளம் ஆள், எங்கள் ஊர் வழக்கம் இன்னும் பிடிபடாதவர்.

"வியாழன் ஏலா" என்றார் ஹாஜியார் உடனே. "ஆலையில அவிச்ச நெல்லு தளம் முழுக்கக் காயுது. மழை வந்தா எல்லாம் பழுதாப் போயிரும்."

"அப்ப திங்கள்?"

"திங்கள் நூலுக்குச் சாயம் போடுறம்" என்றார் இப்றாஹிம் முதலாளி. அவருக்கு மருதமுனையில் தறிகள், எங்கள் ஊரில் சாயக் கொட்டில். கிணற்றில் உப்பு ஏறி அவருடைய நீலச் சாயம் சாம்பல் நிறத்தில் விழுந்தபோது, அந்த நூலில் நெய்த சாறனைப் புது டிசைன் என்று சொல்லி விற்றவர். அவரும் இசைவாகிவிட்டார். "நல்ல வெயில் மௌலவி. மூணு நாள் காயிற நூல் ஒரு நாள்ல காயுது. கொஞ்சம் பிந்தி வெச்சா நல்லம்."

கருவாட்டு வியாபாரி ஒருவர் அடுத்த கிழமையும் வேண்டாம் என்றார். அவருடைய சூரை மீன் மணலில் காய்ந்துகொண்டு கிடக்கிறதாம்.

பிறகு மௌலவியின் குரல் வந்தது. "நான் நாலு ஊர்ல ஓதிக் குடுத்திருக்கிறன். இப்படி ஈமான் உள்ள ஊரைக் காணவே இல்ல. தொழுதா மழை வந்துரும் எண்டு இவ்வளவு உறுதியா நம்புறீங்களே!"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். என் கையில் இருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்துவிட்டது.

இரண்டு கிழமை இப்படியே போனது. என் வெள்ளாமையின் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. ஒருநாள் கொழும்பிலிருந்து லொறியில் ஹாஜியாரின் ஆலைக்கு ஒரு பெரிய படங்கு வந்து இறங்கியது, தளம் முழுவதையும் மூடுகிற அளவு. அது வந்து இறங்கிய அன்று மாலையே மழைத் தொழுகைக்கு நாள் குறிக்கப்பட்டது.

மௌலவி ஜும்ஆவில் விளக்கம் சொன்னார். தொழுகைக்கு முன் மூன்று நாள் நோன்பு பிடிக்க வேண்டும். பிழை பொறுக்கத் தேட வேண்டும். முக்கியமாக, அடுத்தவர் ஹக்கு, அதாவது அடுத்தவருக்கு உரிமையான பொருள், யார் கையில் இருக்கிறதோ அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மைதானத்துக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் துஆ மேலே ஏறாது.

ஊருக்குப் புதியவர் என்பதால் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் ஊர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்! எப்போதோ இரவல் போன அண்டாக்கள் அடுப்புக்கரியோடு வீடு திரும்பின. ஏணி ஒன்று மூன்று வளவு தாண்டி வந்தது. என் வீட்டுக் கோழி ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, அது அங்கே இட்ட முட்டைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் வேலிக் கம்பைப் பிடுங்கி ஒரு சாண் பின்னால் நட்டார், அவர் பெண்சாதி மறுநாள் அதை அரைச் சாண் முன்னால் நட்டாள்.

கடைசி நாள் நோன்பு துறக்கும் நேரத்தில், எல்லோரும் கஞ்சிக்குக் காத்திருக்க, ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். ஆதம்பாவாவை முன்னால் கூப்பிட்டு, முந்திய மாரியில் அவரிடம் வாங்கிய குடையை எல்லோரும் பார்க்கக் கையில் கொடுத்தார்.

"அல்லாஹ்வைச் சாட்சியா வெச்சுச் சொல்றன்" என்றார் குரல் தழுதழுக்க. "இப்ப என்ட கையில அடுத்தவன்ட ஹக்கு ஒரு சொட்டும் இல்ல."

ஒலிபெருக்கியில் அது ஊர் முழுவதும் கேட்டது. ஆதம்பாவா குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாராம். எனக்கு வந்த கோபத்தில் நோன்பு முறியாமல் இருந்ததே பெரிய காரியம். குடையைத் திருப்பிக் கொடுத்தவன் மழையைக் கேட்கிறான், என் தண்ணீரைக் குளத்தில் பூட்டி வைத்துக்கொண்டு!

பிறகு மௌலவி, "பொம்புளைகள் வீட்டில் இருந்தே துஆக் கேளுங்க" என்று அறிவித்தார். ஹாஜியாரோ, கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, ஆலை ஆட்கள், வயற்காவல்காரன், அவர்களுடைய ஆடு மாடு எல்லாம் மைதானத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டையும் நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஊரே கடற்கரை மைதானத்துக்கு இறங்கியது. வாயில்லாச் சீவன்களுக்காகவாவது இரக்கம் வரும் என்று ஆடுமாடுகளையும் ஓட்டிப் போனார்கள். காவல்காரன் ஹாஜியாரின் கடாக்களை இழுத்துக்கொண்டு போவதை என் வளவு வாசல் கடப்படியில் நின்று பார்த்தேன். அவன் தலை மறைந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வட்டைக்கு நடந்தேன்.

செல்லத்தங்கம் வரம்பில் காத்திருந்தாள். நற்பிட்டிமுனைத் தமிழ்ப் பெண், அவளுடைய வயலும் கடைக்கண்டத்தில், என் வரம்புக்கு அடுத்தது. தொண்ணூறில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு ஊர் ஆண்களும் தெருவில் எதிர்ப்பட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்கள். வரம்பில் திருப்ப இடமில்லை, அதனால் நாங்கள் இருவரும் கதைத்துப் பழகிவிட்டோம். வைகாசியில் அவர்கள் அம்மனுக்கு மழை கேட்டுக் குளிர்த்தி பாடினார்கள், அதற்கும் மழை வரவில்லை. என் திட்டத்தை முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஹாஜியாரின் குளம் நிறையத் தண்ணீர். வெயிலில் அது பளபளத்தது. என் வயலில் கையை விட்டால் வெடிப்புக்குள் முழங்கை வரை போகும்.

குறுக்கே கிடந்த உரப்பைகளை இருவருமாக இழுத்துக் கரையில் போட்டோம். ஒவ்வொன்றும் ஒரு மாட்டுக் கன்றின் கனம். தூரத்தில் ஒலிபெருக்கியில் தக்பீர் கேட்டது. செல்லத்தங்கம் கையை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, பாவமில்லையா? அங்க தொழுறாங்களே."

"ஹக்கைத் திருப்பிக் குடுக்கச் சொல்லித்தானே மௌலவி சொன்னார்? ஹாஜியாருக்கு இது மறந்து போச்சு. அவருக்காக நாம குடுக்கிறம். பிடி அந்தப் பக்கத்த!"

குளக்கரையில் தண்ணீர் போகும் வாயான வக்கடையை வெட்டினேன். தண்ணீர் ஒரு கணம் யோசித்து நின்றது, பிறகு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. நாங்கள் அதோடு சேர்ந்து ஓடினோம், வழியில் கிடந்த குப்பையை மண்வெட்டியால் தள்ளித் தள்ளி. அது என் வயலுக்குள் இறங்கி வெடிப்புகளில் புகுந்தபோது எழுந்த சத்தம் இருக்கிறதே, அதைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அழுதேன். அங்கே மைதானத்தில் அழுகிறவர்களோடு சேர்ந்து நானும் அழுதேன், என்னுடையது மட்டும் காரணத்தோடு.

எங்கள் இருவருக்கும் மட்டும் எடுக்கவில்லை. கடைக்கண்டம் முழுவதும் நனையும்வரை விட்டோம். பிறகு வக்கடையைக் கட்டி, உரப்பைகளை முன்பு இருந்தபடியே அடுக்கினோம். ஆண்கள் தொழுது, மழைத் தொழுகை வழக்கப்படி போர்வையை மாற்றிப் போட்டு, பள்ளிக் கஞ்சியும் குடித்து முடிக்கும்போது நான் வீட்டில் உடுப்பு மாற்றிக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்தேன்.

வானத்தில் ஒரு பஞ்சு மேகமும் இல்லை. ஆனால் பின்னேரம் ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு வந்தான். "கடைக்கண்டத்துல தண்ணி! வயலெல்லாம் தண்ணி!"

ஊர் திரண்டு ஓடியது. கணுக்கால் அளவு தண்ணீரில் வெள்ளாமை நிமிர்ந்து நின்றதாம். மௌலவி வரம்பிலேயே சுஜூதில் விழுந்தார். துஆ கபூலாகிவிட்டது, மேலிருந்து வராமல் கீழிருந்து வந்திருக்கிறது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஹாஜியார் மட்டும் யாருக்கும் தெரியாமல் தன் குளத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே சேற்றில் கெளிற்று மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து ஆதம்பாவா அப்பாவியாகக் கேட்டார்.

"ஹாஜியார், ஒங்கட பக்கம் எப்பிடி? தண்ணி ஏதும் குறைவா?"

என்ன சொல்வார்? தண்ணீர் போய்விட்டது என்றால் தண்ணீர் வைத்திருந்தார் என்றாகும். ஒரு சொட்டும் இல்லை என்று மைக்கில் சொன்ன வாய் அது. ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹாஜியார். அதைச் சொல்ல அவ்வளவு சிரமப்பட்ட மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதோடு முடியவில்லை. மழை வரும் என்று காலையில் படங்கு போட்டு மூடிய அவித்த நெல், வராத மழைக்குக் காத்துக் காத்துப் புழுங்கி நாறியது. அதையும் அவர் வீணாக்கவில்லை. குற்றி அரிசியாக்கி எங்கேயோ தள்ளிவிட்டார். கொஞ்ச நாளில் வறட்சி நிவாரணம் என்று அரிசி வந்தது. பையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸுல்பிகா சொன்னாள்: "உம்மா, இது ஹாஜியார்ட நெல்லு." இசைவாக்கம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் வெள்ளாமை வீட்டுக்கு வந்தது. ஓடு வந்தது. முஸ்தாக்கின் உம்மா மறுபடி அறை அறையாக அண்ணாந்து பார்த்து, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் நாள் வைத்தார். கலியாணத்துக்குப் பள்ளிவாசல் தலைவர் வராமல் இருப்பாரா? பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் உட்கார்ந்து நெய்ச்சோற்றைப் பிசைந்தபடி ஹாஜியார் கூரையைப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். ஒனக்கு நல்லாத்தான் மழை பெஞ்சிரிக்கி, ஹாஜறா."

"எல்லாம் ஒங்கட துஆதான் ஹாஜியார்" என்றேன். அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். அது என் கடைக்கண்டத்து அரிசிதான், வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மனிதர் தெரிந்துகொண்டார். தெரிந்ததை வெளியில் சொல்ல வழியில்லாமல் அடுத்த சிறுபோகம்வரை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் போகத்திலும் வானம் கைவிட்டது. குளம் இன்னும் ஆழமாகியிருந்தது, உரப்பைகள் இரண்டு வரிசையாகியிருந்தன. முந்திய வருட அற்புதத்தைக் கண்ட ஊர் மழைத் தொழுகை வேண்டும் என்று துடித்தது. இம்முறை ஹாஜியார் நாளைத் தள்ளிப்போடவில்லை. படங்கு தயாராக இருந்தது. ஆனால் எல்லோரும் மைதானத்துக்குப் போகிற அந்தக் காலையில் வயலை வெறுமனே விட அவர் முட்டாள் அல்லர். ஊரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், காவலில் நிற்பவருக்கும் அதே நன்மை உண்டு என்று மௌலவியிடமே சொல்லி வைத்துவிட்டு, ஆலையிலேயே தனக்கு மிக நம்பிக்கையான ஆளைத் தேர்ந்தெடுத்தார். களவு தெரியாத பிள்ளை, சொன்ன சொல் மாறாத பிள்ளை. முஸ்தாக்.

என் மகளைக் கட்டியவன் என்பதை அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். சம்பளம் தருகிறவர் தான் என்றும் யோசித்திருப்பார். அந்தப் பிள்ளை எந்த ஓட்டின் கீழ் படுத்து எழும்புகிறது என்பதைத்தான் யோசிக்க மறந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. சொல்ல வேண்டியதை நடுவில் பெண்ணை வைத்துச் சொல்வோம். தொழுகைக்கு முதல் நாள் மாலை முஸ்தாக் முன் மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. கடைக்கண்டம் அன்றும் குடலையில்தான் நின்றது.

முஸ்தாக் ஒரு பிடி சோற்றை உருட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த ஸுல்பிகாவிடம், பள்ளிவாசலுக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"நாளைக்கு நான் தொழுகைக்குப் போக ஏலா. ஹாஜியார்ட வயல்ல காவல். சாப்பாடு கொண்டு வாற ஆக்கள் மண்வெட்டியையும் கொண்டு வரட்டும். பை ரெண்டு வரிசையா இரிக்கி, அந்த நற்பிட்டிமுனை அக்காவையும் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

திரைக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஸுல்பிகாவைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வை புள்ள."